முன்னோருக்கு மிளகாய் ஆகாது

திருநெல்வேலிக்காரர்களிடம் ஊர்ப் பெருமை கேட்டால், முதலில் அல்வா என்பார்கள். கொஞ்சம் பழகிவிட்டால், "சொதி சாப்பிட்டிருக்கியளா?" என்று ஆரம்பிப்பார்கள்.

கல்யாணம் முடிந்த மறுநாள் மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் வைக்கும் விருந்து அது. அதனாலேயே 'மாப்பிள்ளைச் சொதி' என்று பேர். தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கறிகள், அரைத்த பச்சைமிளகாய், இஞ்சி... இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு. புளி கிடையாது. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. பார்க்க வெள்ளையாக, சாதுவாக இருக்கும். நாலு வாய் உள்ளே போன பிறகுதான் காது சூடாகும்!

"இதெல்லாம் ஆதி காலத்துப் பக்குவம்" என்பார்கள் பந்தியில். நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன், ஆச்சி ஒருநாள் அதை உடைக்கிற வரை.

தாத்தாவின் திதி. அம்மியில் மிளகும் சீரகமும் அரைபட்டுக்கொண்டிருந்தன. "வத்தல் வைக்கலையா ஆச்சி?" என்று கேட்டேன்.

"முன்னோருக்கு மிளகாய் ஆகாதுல. உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எதுவும் ஆகாது."

"ஏன்?"

"அவுகளுக்குப் பழக்கமில்ல."

அவ்வளவுதான். ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால், அவள் சொன்னது சுத்தமான சரித்திரம்.

மிளகாயின் பிறந்த வீடு மெக்சிகோ பக்கம். 1492-ல் மிளகைத் தேடி மேற்கே கப்பல் விட்ட கொலம்பஸ், அமெரிக்கத் தீவுகளில் பார்த்தது மிளகாயைத்தான். காரமாக இருந்ததால் அதற்கும் மிளகின் பெயரையே சூட்டிவிட்டார்கள் ஐரோப்பியர்கள். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தார். பின்னாலேயே, 16-ம் நூற்றாண்டில், போர்ச்சுக்கீசியரின் கப்பல்களில் மிளகாயும் வந்தது. நாமும் ஐரோப்பியர் செய்ததையே செய்தோம். மிளகு மாதிரி காரம், ஆனால் காய். ஆகவே மிளகாய். பெயரிலேயே பிறப்புச் சான்றிதழ்!

அதற்கு முன்பு நம் காரம் மிளகுதான். சங்கத் தமிழில் அதற்குக் 'கறி' என்று பெயர். முசிறியில் பொன்னைக் கொடுத்து இந்தக் கறியைத்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள் யவனர்கள்.

தாமிரபரணியின் ஓட்டத்தைப் பாருங்கள், இந்தக் கதை முழுக்க அதில் இருக்கிறது. ஆறு பிறப்பது பொதிகையில். மலைக்கு அந்தப் பக்கம் மிளகுக்கொடி படரும் கேரளம். செங்கோட்டைக் கணவாய் வழியாகப் போக்குவரத்து. ஆறு கடலில் சேருமிடம் புன்னைக்காயல். 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் குடியிருந்த முத்துக்குளித்துறை ஊர். ஆற்றின் தலைமாட்டில் மிளகு. கால்மாட்டில் மிளகாயைக் கொண்டுவந்தவர்கள்!

சரி, மிளகு ஏன் தோற்றது? மிளகுக்கொடிக்கு மழை வேண்டும், நிழல் வேண்டும், ஏறிப் படர மரம் வேண்டும். பலன் தரச் சில வருஷங்கள் ஆகும். விலையோ பெரிய வியாபாரிகள் கையில். மிளகாய் அப்படியில்லை. கரிசல் வெயிலிலும் காய்க்கும், புறக்கடையிலும் முளைக்கும், சில மாதங்களில் பறித்துவிடலாம். மிளகு வாங்க வழியில்லாதவனின் கஞ்சிக்கும் காரம் கிடைத்தது இப்படித்தான். இன்று விளாத்திகுளம் கரிசலில் மானாவாரி சம்சாரிக்கு வத்தல்தான் கைக்காசு. பக்கத்து ராமநாதபுரத்து முண்டு மிளகாய் 2023-ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. கடல் தாண்டி வந்த விருந்தாளிக்கு ஊர்ப் பட்டயம்!

இப்போது சொதிச் சட்டியை எட்டிப் பாருங்கள். பச்சைமிளகாய், உருளைக்கிழங்கு, பீன்ஸ் மூன்றும் அமெரிக்கக் கண்டத்துக்காரர்கள். அவற்றை எடுத்துவிட்டால் மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். 'சொதி' என்ற பெயரும் நமக்கு மட்டும் சொந்தமில்லை. இலங்கைத் தமிழர் வீடுகளிலும் தேங்காய்ப்பால் சொதி கொதிக்கிறது. 'இது நம்முடையது, அது அந்நியம்' என்று அடித்துச் சொல்கிறவர்கள், ஒருமுறை தங்கள் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது.

மிளகாய் வராத காலத்தை இன்னும் ஞாபகம் வைத்திருப்பது திதிச் சமையல்தான். அதையும் இப்போது பல வீடுகளில் வெளியே சொல்லி வாங்கிவிடுகிறார்கள்.

ஆச்சி போய், அவளுக்கு முதல் திதி வந்தது. அம்மா மிளகுதான் அரைத்தாள். ஆயுசு முழுக்கப் பழைய சோற்றுக்குச் சுட்ட வத்தலைக் கடித்துக்கொண்டவள் ஆச்சி. "அவளுக்குத்தான் மிளகாய் பழக்கமாச்சே... இலை ஓரத்துல ஒண்ணே ஒண்ணு வைக்கலாமா?" என்றேன்.

அம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"ஆச்சிக்குச் சரி. கூட வர்ற மத்தவுகளுக்கு?"