அளவுகோல் முதல் மரபணு வரை: தென்னக ஆய்வுகளில் ஒப்புதலின் வரலாறு

ஐதராபாத் நகரின் கிழக்குப் பகுதியில் ஹப்சிகூடா, நாசாரம், மல்லாபூர் ஆகியவை ஒன்றையொன்று ஒட்டி அமைந்துள்ளன. மல்லாபூர், நாசாரம் தொழிற்பேட்டைகளில் மருந்தாய்வு நிறுவனங்கள் இயங்குகின்றன. ஹப்சிகூடாவில் 1977இல் நிறுவப்பெற்ற உயிரணு மூலக்கூறு உயிரியல் மையம் உள்ளது. மனிதர் தந்த குருதியைத் தரவாக மாற்றும் பணியில் இந்தியாவில் முன்னிற்கும் வட்டாரங்களுள் இதுவும் ஒன்று. தந்தவர் எதற்கு இசைந்தார், தரவு கைம்மாறும்போது அந்த இசைவும் உடன் செல்கிறதா என்னும் வினாக்களின் வரலாற்றைத் தென்னகச் சான்றுகள் கொண்டு இக்கட்டுரை நோக்குகிறது. இது மருத்துவர்க்கு மட்டும் உரிய வினா என நாம் ஒதுங்கிவிட இயலாது. வாய்மொழி இலக்கியம் தொகுத்தவர்களும் மனிதரிடமிருந்தே தரவு பெற்றனர்.

தென்னக மக்களை அளந்து பதிவுசெய்தவர்களுள் எட்கர் தர்ஸ்டன் குறிப்பிடத்தக்கவர். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக விளங்கிய இவர், க. ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளை வெளியிட்டார். அந்நூலின் முன்னுரையில் அளவெடுப்பின்போது நேர்ந்தவற்றை அவரே பதிவு செய்துள்ளார். நீலகிரி இருளர் ஒருவர் உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் எனக் கருதி அதனருகே நிற்க மறுத்தார். தம்முள் சிறந்த உடலமைப்புடையோரைப் பாடம்செய்து அருங்காட்சியகத்தில் நிறுத்தப் போகிறார்கள் என வயநாட்டுப் பணியப் பெண்கள் அஞ்சினர். தர்ஸ்டன் இவற்றை நகைச்சுவையாகவே எழுதினார். ஆயினும் அம்மக்களின் ஐயத்தை வெறும் அறியாமை எனத் தள்ளுதல் பொருந்தாது. எடுத்துச் செல்லப்படுவது எங்கே போய்ச் சேரும் என்பதே அவர்தம் வினா. அதற்கு அன்று விடை கூறுவார் இலர். அளவுகள் அட்டவணையாக அச்சேறின. அச்சேறியபின் எவரும் எதற்கும் அவற்றை எடுத்தாளலாம் என்றாயிற்று.

1947இல் நூரம்பர்க் நெறிகளும் 1964இல் ஹெல்சிங்கி அறிக்கையும் தோன்றின. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980இல் கொள்கையறிக்கை ஒன்றை வெளியிட்டு, 2000, 2006, 2017 ஆகிய ஆண்டுகளில் நெறிமுறைகளை விரித்தது. ஏட்டில் நெறி இருந்தும் களத்தில் நடந்தது வேறு என்பதற்குக் கம்மம் மாவட்டம் சான்றாகிறது. அன்று ஆந்திரப் பிரதேசத்திலும் இன்று தெலங்கானாவிலும் அடங்கும் அம்மாவட்டத்தில், 2009 சூலையில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் தொடங்கிற்று. பாத் என்னும் அமெரிக்க அமைப்பு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடனும் மாநில அரசுடனும் இணைந்து நடத்திய இத்திட்டத்தில், 10 முதல் 14 வயது வரையுள்ள சிறுமியர் ஏறத்தாழ 14,000 பேர் ஊசி பெற்றனர். சிறுமியர் சிலர் இறந்த செய்தி வெளிவந்தபின் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அவ்விறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமன்று என விசாரணைக் குழு கருதியது. ஆனால் ஒப்புதல் பெற்ற முறை பற்றி நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் அளித்த அறிக்கை கடுமையானது. ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 படிவங்களுள் 1,948இல் கைநாட்டே இருந்தது. 2,763இல் விடுதிக் காப்பாளர்கள் ஒப்பமிட்டிருந்தனர். கைநாட்டு தன்னளவில் குற்றமன்று. எழுதத் தெரியாதவர்க்கு நடுநிலைச் சாட்சி முன்னிலையில் படித்துக் காட்டிப் பெறலாம். காப்பாளரின் ஒப்பமோ வேறு வகையினது. அங்கே பெற்றோர் இருந்தும் இல்லாதவராயினர்.

இந்நிகழ்வுகளின் பின் விதிகள் இறுகின. ஒப்புதல் பெறுதலை ஒலி ஒளிப் பதிவு செய்யும் முறையும் வந்தது. எனினும் அவ்வொப்புதலில் அழுத்தம் பெற்றவை ஊசியும் மருந்துமே. உடலிலிருந்து பிரிந்த தரவின் பிற்கால வாழ்வு அதனினும் சிக்கலானது. ஹப்சிகூடா மையமும் ஆர்வர்டு ஆய்வாளரும் இணைந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, 25 குழுக்களைச் சேர்ந்த 132 பேரின் மரபணுத் தரவுகளை அடிப்படையாகக் கொண்டது. 2017இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் குழுக்கள் 260க்கும் மேற்பட்டன. வைசியர் சமூகத்தில் அறுவை மயக்கத்திற்குத் தரும் ஒருவகைத் தசைத்தளர்வு மருந்தைச் சிதைக்கும் நொதி குறைவுபட்டோர் மிகுதி என்பதும், தலைமுறைதோறும் தொடர்ந்த அகமணமே அதற்கு அடிப்படை என்பதும் அதனால் விளக்கம் பெற்றன. உயிர்காக்கும் செய்தி இது. தரவு பகிரப்படாவிடின் தெளிவுறாது. ஆயின் ஒப்பமிட்டவர் தனிமனிதர். வெளிப்பட்டதோ ஒரு சமூகம் முழுமைக்கும் உரிய செய்தி. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரையறுத்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஆராய்ச்சிக்கு விலக்களிக்கிறது; அதன் பாதுகாப்பும் தனியாளை நோக்கியதே. பெற்ற ஒப்புதல் பொது வெளியீட்டுக்கு இடந்தராத மாதிரிகளைப் பொறுத்தவரை, வணிகத்திற்குப் பயன்படுத்தேன், தந்தவர் யாரெனத் தேடேன் என ஒப்பமிட்டு மடல் தரும் ஆய்வாளர்க்கே தரவு வழங்கும் வழக்கம் மரபணுத் துறையில் உருவாகியுள்ளது. அது பாராட்டத்தக்கது.

நம் துறையில் அவ்வழக்கமும் இல்லை. நாட்டார் வழக்காற்று ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் ‘தகவலாளர் பட்டியல்’ இடம்பெறுதல் மரபு. பெயர், வயது, சாதி, ஊர், தொழில் என்பன அதில் நிரல்படும். ஆய்வின் நம்பகத்தன்மைக்கு அது தேவை என்றே நெறியாளர் கற்பித்தனர், அது பிழையன்று. அன்று அவ்வேடு நூலகத்தில் இருந்தது. அதனைத் திறந்து பார்ப்பார் சிலரே. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின் முனைவர்பட்ட ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ மின்களஞ்சியத்தில் ஏறுகின்றன. பழைய ஏடுகளும் மின்வடிவாக்கப்பட்டு அங்குச் சேர்கின்றன. ஒப்பாரிப் பாடல்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிறந்த வீட்டின் புறக்கணிப்பு, உடன்பிறந்தான் மனைவியின் சொல், பாகம் மறுக்கப்பட்ட நிலம் எல்லாம் அவற்றில் வருகின்றன. பாடியவரின் பெயரும் ஊரும் சாதியும் சில பக்கங்கள் தள்ளி இருக்கின்றன. அவர் பாடியது எதிரே அமர்ந்திருந்த மாணவர்க்காகவும் அவர்தம் ஒலிநாடாவுக்காகவும் மட்டுமே.

இக்கட்டுரையாளரின் ஆய்வேட்டிலும் அத்தகைய பட்டியல் உண்டு. ‘பாடிக் காட்டுங்கள் அம்மா’ என்று கேட்டதுண்டு. பெயரை அச்சிடலாமா என்று கேட்டதில்லை. பாடியோருட் பலர் இன்று இல்லை. மின்வடிவாக்கத்திற்கு முன் பட்டியலைத் தனியே பிரித்துத் துறை நூலகத்தில் மட்டும் வைத்தலும், பாடியவர் மறைந்திருப்பின் அவர்தம் மக்களிடம் கேட்டறிதலும் இப்போதே செய்யக்கூடியவை. அவர்கள் மறுத்தால் அப்பாடலை நீக்க வேண்டியும் வரும்.