முற்றத்துக்கு மேலே: மன்னார்க் கரையில் கண்காணிப்பின் கதை

மன்னார் நகருக்குத் தெற்கே அரிப்புக் கடலோரத்தில் ஒரு பழைய மாளிகை இடிந்து நிற்கிறது. ஊரார் அதை அல்லிராணிக் கோட்டை என்பார்கள். பிரித்தானிய இலங்கையின் முதல் ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்தது அது. ஓய்வெடுக்கக் கட்டிய மாளிகையன்று. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யக் கட்டியது. கடல் அரித்து அரித்து இன்று சுவர்கள் ஒவ்வொன்றாகச் சரிகின்றன. இந்தக் கரையில் கண்காணிப்பதற்காக அரசு கட்டியவற்றில் இன்றும் கண்ணுக்குத் தெரிகிற மூத்த சின்னங்களில் அதுவும் ஒன்று.

முத்துக்குளிப்புக் காலத்தில் மரிச்சுக்கட்டியிலும் சிலாபத்துறையிலும் சில வாரங்களுக்கு ஒரு நகரமே முளைக்கும். நீதிமன்றம், மருத்துவமனை, பொலிஸ், சிறை எல்லாம் ஓலைக் கொட்டில்களில் எழும்பும். தோணியில் ஏறுவது முதல் சிப்பி கரைக்கு வருவது வரை காவலாளின் கண் குளியாளை விடாது, நடுக்கடலில் சிப்பியைத் திறந்து முத்தை எடுத்துவிடுவான் என்ற பயம். கரையில் வேலியடைத்த வளவுக்குள் சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவனுக்கு. 1906இல் இந்த வேலையை மேற்பார்வை செய்ய அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் லெனாட் வூல்ஃப். பின்னாளில் எழுத்தாளர் வேர்ஜீனியா வூல்ஃபின் கணவரானவர். அப்போது யாழ்ப்பாணக் கச்சேரியின் இளம் அதிகாரி.

அந்தக் காவல் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அதற்கு ஓர் எல்லை இருந்தது. சிப்பி இருக்கும் இடத்தில்தான் அது இருந்தது. பருவம் முடிந்ததும் கொட்டில்களைப் பிரித்துப் போட்டுவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள். குளியாளின் வீட்டு முற்றத்தில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு அதன் சொந்தக் காவல் இருந்தது. வடக்கின் வளவுகளைக் கிடுகாலும் பனையோலையாலும் ஆளுயரத்துக்கு மேல் வேலி போட்டு அடைப்பார்கள். நட்ட கதியால்கள் துளிர்த்து வேலியோடு நிழலாகும். ஓரிரு வருடங்களுக்கு ஒருமுறை ஓலை உக்கிப்போக, பழையதை அவிழ்த்துப் புதியதைக் கட்டுவார்கள். கிணற்றடிக்குத் தனி மறைப்பு. அயல்வீட்டுக்கு ஒரு குரல் கொடுக்கவும் நெருப்பு வாங்கவும் வேலியில் ஒரு பொட்டு. யார் பார்க்கலாம், எவ்வளவு பார்க்கலாம் என்பதை வீட்டிலிருப்பவர்களே முடிவு செய்தார்கள். தனிமை என்று சட்டப் புத்தகங்கள் எழுதுவதைக் கையால் பின்னி வைத்திருந்த சமூகம் இது.

அரசின் கண் கடலை விட்டு வீட்டுப் பக்கம் திரும்பியதை ஒரே நாளில் நடந்ததாகச் சொல்ல முடியாது. 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்திலேயே, வீட்டில் தங்கியிருப்போரின் பட்டியலைக் கேட்கப் பொலிசாருக்கு வழி இருந்தது. 1952இல் தென்னிந்தியாவிலிருந்து கள்ளத்தோணியில் வருபவர்களைத் தடுக்கவென்று கடற்படைக்குத் துணையாக இராணுவத்தையும் இந்தக் கரைகளில் இறக்கினார்கள். 1963இல் அது தனிச் செயலணியாக வளர்ந்து 1981 வரை நீடித்தது. தோணியில் வந்தவன் கரையேறியதும் ஏதோவொரு வீட்டுக்குள்தானே போவான்? அந்தக் கேள்வியோடு கண்காணிப்பு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

பிறகு யுத்தம் வந்தது. மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்துக்கு அப்பால் தள்ளாடி இராணுவ முகாம். கடலுக்குப் போகப் பாஸ், ஊர் விட்டு ஊர் போகப் பாஸ். 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, முசலி உட்பட வடக்கு முழுவதிலிருந்தும் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஆயிரக்கணக்கான வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. வீட்டுக்குள் யார் இருக்கலாம் என்பதையே துப்பாக்கி வைத்திருந்தவர்கள் தீர்மானித்த காலம் அது. அதில் எந்தத் தரப்புக்கும் விதிவிலக்குக் கொடுக்க முடியாது.

வானத்திலிருந்து பார்ப்பது தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். 1996 முதல் இலங்கை விமானப்படை இஸ்ரேலியத் தயாரிப்பான ஆளில்லா வேவு விமானங்களைப் பறக்கவிட்டது. வன்னி மக்கள் அதன் இரைச்சலைக் கேட்டு 'வண்டு' என்றார்கள். 'வண்டு சுத்துது' என்ற சத்தம் எழுந்தால் பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள் இறக்குவார்கள். வண்டுக்குப் பின்னால் குண்டு போடும் கிபீர் விமானம் வரும் என்பது அனுபவம். இத்தனை கால வேலி அந்தக் கண்ணுக்கு முன் எதற்கும் பயன்படவில்லை. பக்கவாட்டில் வரும் பார்வையைத் தடுக்கத்தான் கிடுகு கட்டியது; முற்றம் மேலே திறந்தே கிடந்தது.

மேலிருந்து பார்ப்பதால் உள்ளே இருப்பவர் யார் என்று தெரிந்துவிடுமா? 2007 ஜனவரி 2ஆம் திகதி மன்னார்ப் பெருநிலக் கரையில், இலுப்பைக்கடவைக்குப் பக்கத்திலுள்ள படகுத்துறையில் விமானப்படை குண்டு போட்டது. கடற்புலிகளின் தளம் என்றது அரசு. அங்கே போய்ப் பார்த்த மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை, இறந்தவர்கள் பொதுமக்கள் என்றார். அங்கிருந்தவை இடம்பெயர்ந்த மீனவக் குடும்பங்களின் குடிசைகள். அதே ஆண்டு செப்டெம்பரில் முள்ளிக்குளம் மக்களும் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் நிலத்தில் கடற்படை முகாம் எழுந்தது. 2017 மார்ச்சில் அவர்கள் தொடங்கிய போராட்டத்துக்குப் பிறகே ஒரு பகுதி நிலத்தை விடக் கடற்படை ஒப்புக்கொண்டது.

யுத்தம் 2009இல் முடிந்தது. வீட்டைப் பார்க்கும் பழக்கம் முடியவில்லை. 2011 தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இராணுவம் குடும்பங்களைப் படத்தோடு பதிவு செய்யத் தொடங்கியது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உயர்நீதிமன்றம் போனது. பதிவை நிறுத்துவதாக அரச தரப்பு அங்கே உறுதி கொடுத்தது.

ட்ரோன் பொலிசார் கைக்கு வந்த விதமும் இதே வரிசையில் சேரும். 2020 நவம்பரில் கொரோனா தனிமைப்படுத்தலை மீறுவோரைத் தேடிக் கொழும்பு வடக்கில் முகத்துவாரம், மட்டக்குளிப் பக்கம் விமானப்படையின் ட்ரோன்களைப் பொலிசார் பயன்படுத்தினார்கள். அவற்றின் காட்சியை வைத்துக் கைதும் செய்தார்கள். நெருக்கமான குடியிருப்புகளில் கொடியில் துணி காயப்போடும் மொட்டைமாடியும் கதவு திறந்தால் தெரியும் அடுப்படியும் ட்ரோனின் கண்ணில் படாமல் இருந்திருக்குமா? தொற்றைத் தடுப்பது அவசியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எடுத்த படங்கள் எங்கே போயின, எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்று அந்த வீட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ட்ரோன் பறப்பதற்கு விதிகள் இல்லாமலில்லை. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை ட்ரோன்களையே தடை செய்திருந்தது. அந்த விதிகளின் கவலை வேறு: பொதுமக்கள் கையிலுள்ள ட்ரோனால் நாட்டுக்கு என்ன ஆபத்து என்பதே அது. அரசின் ட்ரோனால் வீட்டுக்கு என்ன ஆகும் என்று கேட்ட விதி அரிது. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நல்ல தொடக்கம். அதை முழுமையாக நடைமுறைப்படுத்துவதோ தள்ளிக்கொண்டே போனது. பாதுகாப்புத் தரப்புக்கான விலக்குகளும் அதில் உண்டு. இந்தியாவில் 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் தனிமையை அடிப்படை உரிமை என்று ஏற்றார்கள். இலங்கை அரசியலமைப்பில் அப்படி வெளிப்படையான ஓர் உறுப்புரை இன்னும் இல்லை.

அமெரிக்க உயர் நீதிமன்றம் 1989இல் தீர்த்த வழக்கொன்றை இங்கே நினைக்க வேண்டும். புளோரிடாவில் ஒரு வீட்டு வளவில் செடி வளர்க்கும் கொட்டகை. அதன் கூரையில் இரண்டு தகடுகள் இல்லை. 400 அடி உயரத்தில் ஹெலிகொப்டரில் வந்த பொலிஸ் அதிகாரி அந்த இடைவெளியால் கஞ்சாச் செடிகளைப் பார்த்தார். தேடுதல் ஆணை தேவையில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள்; வானம் பொதுவழி என்பது அவர்களில் நால்வர் சொன்ன காரணம். ஹெலிகொப்டர் எழுப்ப ஆகும் செலவே அன்று பொலிசாருக்கு ஒரு கடிவாளமாக இருந்தது. கைப்பெட்டிக்குள் அடங்கும் ட்ரோனுக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. அதனால் பழைய தீர்ப்பை அப்படியே எடுத்து இன்றைக்குப் பொருத்துவது சரியாகாது.

பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ கடற்கரையில் கடத்தலைப் பிடிக்கப் பொலிசார் ட்ரோன் ஏற்றினால் அதைக் குறை சொல்ல முடியாது. கடல் வழியாக வரும் போதைப்பொருளால் முதலில் அழிவது இந்த ஊர்களின் பிள்ளைகள்தான். திரும்பி வரும் வழியில் அது வளவுகளுக்கு மேலே நிற்கலாமா, யார் கட்டளையில், எடுத்த படத்தை எப்போது அழிப்பார்கள் என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழி இருக்கிறது. 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இந்தக் கேள்விகளையே எழுதிப் பொலிஸ் திணைக்களத்தின் தகவல் அதிகாரியிடம் கொடுக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தன் முடிவைச் சொல்ல வேண்டும். தேசிய பாதுகாப்பைக் காட்டி மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். அந்தப் படியையும் தாண்டித் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு வரை போகலாம்.