தண்ணீர் குடிக்கும் நாய்க்கு விசர் இல்லையா?

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், வெருகல் ஆற்றை அண்டிக் கிடக்கிறது ஈச்சிலம்பற்று. 2004 இல் ஆழிப்பேரலையையும் 2006 இல் போரையும் கண்ட மண் அது. அவ்வாண்டில் மக்கள் வாகரைப் பக்கமாக இடம்பெயர்ந்தனர். 2007 இல் மீள்குடியேற்றம் தொடங்கியது. ஓடுகின்றவர்கள் பிள்ளைகளைத் தூக்கிச் செல்வார்கள். நாய்களை யார் கூட்டிச் செல்வது? மனிதர் வெளியேறிய ஊர்களில் கட்டாக்காலி நாய்கள் பெருகுவதும், அவற்றோடு விசர்நாய்க்கடி பற்றிய அச்சம் வளர்வதும் இயல்பே.

நாய் கடித்தால், அதன் முன்னே ஒரு சட்டியில் தண்ணீர் வைத்துப் பாருங்கள், குடித்தால் விசர் இல்லை என்று பெரியவர்கள் சொல்ல, என் இளமையில் நானும் நம்பியிருக்கிறேன். உயிரைப் பறிக்கக்கூடிய நம்பிக்கை அது. அதன் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது.

இந்நோய்க்கு நீர்வெறுப்பு என்றொரு பெயருண்டு. நீரச்சம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லான ஹைட்ரோபோபியாவின் வழிவந்தது அது. ஆனால் அந்த அறிகுறி மனிதருக்குரியது. நோயுற்றவர் நீர் பருக முயன்றதும் தொண்டைத் தசைகள் இறுகித் துடிப்பதால் நீரைக் கண்டாலே அஞ்சுகிறார். நாய்க்கு அவ்வச்சம் இல்லை. விசர் பிடித்த நாயும் தண்ணீரை நாடும். 'ரேபிஸ்' என்னும் இலத்தீன் சொல்லோ வெறியைக் குறிப்பது. அதுவும் பாதி உண்மையே. சில நாய்கள் வெறிகொள்ளாமல், தாடை தொங்க, எச்சில் வடிய, மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். ஊமை விசர் என்பது இதுதான். தொண்டையில் எலும்பு சிக்கியதென எண்ணி வாய்க்குள் கைவிடும் வீட்டுக்காரரே இதற்குப் பலியாகிறார்.

மருத்துவச் சொல் மக்களுக்கு விளங்கவேண்டும் என்பதை நம் நாட்டில் முன்னரே உணர்ந்தவர் ஒருவர் இருந்தார். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்களைத் தமிழில் தந்தார். 1884 இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு, 1885 யூலை 6 ஆம் நாள், பாரிசில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் யோசேப் மைஸ்டருக்கு விசர்நாய்க்கடித் தடுப்பு மருந்தை ஏற்றத் தொடங்கினார். சிறுவன் பிழைத்தான்.

இலங்கையில் இந்நோய்க்கெனக் கட்டளைச்சட்டம் 1893 இல் வந்தது. எனினும் 1973 இல் மட்டும் 377 பேர் இந்நோயால் இறந்தனர். பின்னர் நாய்களுக்குத் தடுப்பூசி பரவலாக ஏற்றப்பட்டதால் ஆண்டு மரணங்கள் சில பத்துகளாகச் சுருங்கின.

இன்று மிருக வைத்தியர் தரும் அட்டையிலும் விளங்காத சொற்கள் பல. டிஸ்டெம்பர் நரம்பையும் தாக்கும் வைரசு நோய். வலிப்பினால் விசர் போலத் தோன்றும், ஆனால் மனிதருக்குத் தொற்றாது. பார்வோ, குட்டிகளை இரத்தக் கழிச்சலால் கொல்வது. லெப்டோ, நாம் எலிக்காய்ச்சல் என்பது, மனிதருக்கும் தொற்றும். பூஸ்டர், முன்பு ஏற்றிய ஊசியின் காப்பைப் புதுப்பிக்கும் மறு ஊசி.

இவற்றுள் மறக்கவே கூடாதது நோயரும்பு காலம். கடிபட்ட நாளுக்கும் அறிகுறி தோன்றும் நாளுக்கும் இடைப்பட்ட அக்காலம் பெரும்பாலும் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை. அதற்குள் ஊசி ஏற்றினால் உயிர் தப்பலாம். அறிகுறி தோன்றிய பின் பிழைத்தவர் மிக அரிது. ஆகவே நாய் கடித்தால் தண்ணீரை நாயின் முன் வைக்காதீர்கள். அந்தத் தண்ணீரால், சவர்க்காரமிட்டுக் கால்மணி நேரம் காயத்தைக் கழுவுங்கள். உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.