தோட்டப் பாதையும் பொது வீதியும்

ஒரு பாதை எப்பொழுது பொது வீதியாகின்றது? பலர் நடப்பதனால் மட்டும் அவ்வாறு ஆவதில்லை. அதனைப் பேணும் கடமையை ஓர் ஆட்சிமன்றம் ஏற்றல் வேண்டும். தனியார் காணிகளைத் துண்டாடி வீடமைத்தோர் திறந்த ஒழுங்கைகளைப் பொறுப்பேற்பதற்கு உள்ளூராட்சிச் சட்டங்கள் வழிவகுத்துள்ளன. ஆயின் கண்டிக்குக் கிழக்கே, தெல்தெனிய, றங்கலை மலைச்சாரல்களில் லயன்களுக்குச் செல்லும் பாதைகளுக்கு அவ்வழி நெடுங்காலம் அடைபட்டிருந்தது. இதனை நிருவாகக் குறைபாடெனக் கொள்வது பொருந்தாது. இதற்கொரு வரலாறு உண்டு.

1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம் 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்களிடம் ஆண்டுக்கு 6 நாள் உழைப்பை, அன்றேல் 3 சிலிங்கை வேண்டியது. அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. கோப்பி விளைந்த மலைகளைத் துறைமுகத்தோடு இணைப்பதே வீதிக் கொள்கையின் தலையாய நோக்கம். 1866ஆம் ஆண்டின் கிளைவீதிகள் கட்டளைச் சட்டம் தோட்டங்களுக்கான கிளைவீதிகளின் செலவிற் பாதியை அரசின்மீது சுமத்தியது. துரைமாரின் கோப்பி மூடைகள் இறங்கவேண்டிய பாதை பொதுப்பணத்துக்கு உரியதெனக் கொள்ளப்பட்டமை ஈண்டு நோக்கற்பாலது. அப்போது தனியுடைமை எவருக்கும் தடையாகத் தோன்றவில்லை!

அதே மலையில் தொழிலாளி நடக்கும் பாதை குறித்து வினா எழுந்தபோது விடை மாறியது. 1937இல் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டங்களில் வதிந்த இந்தியத் தொழிலாளர் வாக்குரிமைக்குப் புறம்பாக்கப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அப்புறக்கணிப்பை நாடளாவியதாக்கியது. வாக்கில்லாதவனின் பாதைக்காகச் சபையில் வாதாட எவர் இருந்தனர்?

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்களுட் பெரும்பாலானவை அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகமே கம்பனிகளிடம் சென்றது. நிலம் குத்தகைக்கே விடப்பட்டது. ஆகவே ‘தனியார் பாதை’ எனப்பட்டவற்றிற் பல அரச நிலத்திலேயே கிடந்தன. எனினும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்து 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் நேரடியாகச் சேவையாற்றத் தடையாயிருந்ததென மலையக அமைப்புகள் தொடர்ந்து வாதிட்டுவந்தன.

தெல்தெனியவில் இம்முரண் கண்கூடு. மகாவலித் திட்டத்தின் விக்டோரியா நீர்த்தேக்கம் 1980களின் நடுப்பகுதியில் பழைய நகரை விழுங்கியபோது, மேட்டுநிலத்திலே புதிய நகரொன்று எழுந்தது. கடைத்தெருவும் வீதிகளும் அரச முயற்சியால் அமைந்தன. அரசு விரும்பின் ஒரு நகரின் வீதிகளையே புதிதாக வகுக்கலாம் என்பதற்கு அது சான்று. தோட்டத்துப் பிரசவ நோயாளியைப் பிரதான வீதிவரை சுமந்து செல்லும் நிலைக்கோ அத்தகைய அவசரம் வாய்க்கவில்லை.

2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டுத் தோட்டப் பகுதிகளிற் சபைகள் செலவிட இடமளிக்கப்பட்டது. ஆயினும் செலவிடும் அதிகாரம் வேறு, பாதையின் உரித்து வேறு. நில அளவையும், குத்தகைக் காணியிலிருந்து பாதையைப் பிரித்து ஒப்படைத்தலும், வர்த்தமானி அறிவித்தலும் நிறைவேறாதவரை, இன்று கொங்கிரீட் இட்ட பாதையை நாளை பழுதுபார்க்கும் கடமை எவருடையதென்பது தீர்க்கப்படாமலே இருக்கும்.