உறுதியில் இருந்த ‘ஓவிட்ட’

வெல்லம்பிட்டியில் எங்கட வாப்பா வாங்கிய காணியின் உறுதியை 2016 மே வெள்ளத்துக்குப் பிறகுதான் முழுசாக வாசித்தேன். பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் உம்மா வைத்திருந்ததால் அது நனையவில்லை. காணியின் பெயர் ‘ஓவிட்ட’ என்று முடிந்தது. சிங்களத்தில் ஓவிட்ட என்றால் வயலை ஒட்டிய தாழ்நிலம். எல்லையாகக் காட்டியிருந்த பக்கத்துக் காணி ‘கும்புர’, அதாவது வயல்.

“வாங்கக்குள்ள இதப் பார்க்கல்லையா வாப்பா?”

“பார்த்ததான் மகன். அதாலதானே விலை குறைவு.”

களனி கங்கையின் வெள்ளத்தை நாகலகம் வீதி அளவுகோலில் அளப்பது வழக்கம். 1947 ஆகஸ்டில் 12.85 அடி. 1989 ஜூனில் 9.2 அடி. 2016இல் 7.65 அடிதான். 1947ஐ விட ஐந்தடி குறைவாக ஏறிய கங்கை எங்கட வீட்டுக்குள் நெஞ்சளவு நின்றது. மூத்தம்மா சொன்ன 1947 வெள்ளக் கதையில் முங்கியது வயல். 2016இல் அதே நிலத்தில் வீடுகள். பள்ளிவாசலிலும் பன்சலையிலும் சனம் படுத்திருந்தது அதனால்தான்.

வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1924இல் வந்தது. கங்கையின் இரு கரையிலும் எழுந்த அணைக்கட்டுகள் கொழும்பு நகரைக் காத்தன. அணைக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தை யாரும் காக்கவில்லை. அது தண்ணீர் பரவி நிற்கும் இடம். பின்னர் 1968இல் கொழும்பு மாவட்டத் தாழ்நிலங்களை ‘மீட்டு’ அபிவிருத்தி செய்ய ஒரு சபை சட்டத்தின் மூலம் அமைந்தது. யாரிடமிருந்து மீட்பது? தண்ணீரிடமிருந்துதான். சதுப்பு நிலம் என்றால் வீணான நிலம் என்பதே அன்றைய எண்ணம். 2006ஆம் ஆண்டுத் திருத்தம் அதைப் புரட்டிப் போட்டது: அனுமதி இல்லாமல் தாழ்நிலத்தை நிரப்பக் கூடாது. நிரப்பப் பிறந்த நிறுவனமே காவல்காரனானது. 2018இல் கொழும்பு ‘ராம்சார் ஈரநில நகரம்’ என்ற அங்கீகாரமும் பெற்றது.

சட்டத்தைக் குறைசொல்லிவிட்டு நான் நழுவ முடியாது. வெள்ளம் வடிந்த மறுவருஷம் எங்கட வளவுக்கு நாங்களே ஒன்றரை அடி மண் போட்டோம். அனுமதி கேட்கவில்லை, ஊரில் யாருமே கேட்பதில்லை. அடுத்த மாரியில் எங்கட முற்றம் காய்ந்திருந்தது. பின்வீட்டு மாமியின் குசினிக்குள் தண்ணி. அவ ஒன்றும் பேசவில்லை, ஆனால் அந்தப் பெருநாளைக்கு வட்டிலப்பம் வரவில்லை.

நம்மவர் எழுதிய ஊர் வரலாறுகளில் பள்ளிவாசல் கட்டிய ஆண்டு இருக்கும், தலைவர்களின் பட்டியல் இருக்கும். நிலத்தின் பழைய பெயரும் எந்த வருஷம் எதுவரை தண்ணி ஏறியது என்பதும் இருக்காது. மருதானை, கிராண்ட்பாஸ் நெருக்கடியிலிருந்து மலிவுக் காணி தேடிப் போன குடும்பங்களுக்கு அந்த இரண்டும்தான் தேவைப்பட்டன.

இப்போது தம்பி தன் பங்கை விற்கப் பார்க்கிறான். பார்க்க வந்தவர் சின்னப் பிள்ளைகளோடு வந்திருந்தார். உறுதியை விரித்து, ‘ஓவிட்ட’ என்ற சொல்லை அவருக்கு வாசித்துக் காட்டினேன். தம்பி இன்னும் என்னோடு கதைப்பதில்லை.