கண்ணில் படாத கருந்துளையைக் காட்டிக்கொடுக்கும் எக்ஸ் கதிர்கள்

கருந்துளை ஒளியைக்கூட வெளியே விடுவதில்லை. அது தனியாக இருந்தால் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஆனால், அதற்குத் துணையாக ஒரு விண்மீன் இருந்தால் கதை மாறுகிறது. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவரும் இத்தகைய அமைப்பு ‘கருந்துளை இரட்டை மண்டலம்’ எனப்படுகிறது.

துணை விண்மீனின் வாயுவைக் கருந்துளை தன் பக்கம் இழுக்கிறது. அந்த வாயு நேராக உள்ளே விழாமல், வட்டு போலச் சுழன்றபடி நெருங்குகிறது. அப்போது அது பல மில்லியன் டிகிரி வரை சூடேறி எக்ஸ் கதிர்களை வீசுகிறது. பூமியின் காற்று மண்டலம் இக்கதிர்களைத் தடுத்துவிடுவதால், தொலைநோக்கிகளை விண்வெளிக்கே அனுப்ப வேண்டியுள்ளது.

முதல் சான்று

சிக்னஸ் எனும் அன்ன விண்மீன் கூட்டத்தில் உள்ள ‘சிக்னஸ் எக்ஸ்-1’ 1964ல் ராக்கெட் ஆய்வில் தென்பட்டது. 1970 டிசம்பர் 12ஆம் தேதி, கென்யாவின் சுதந்திர நாளன்று, அந்நாட்டுக் கடற்கரைக்கு அப்பாலிருந்து ‘உகுரு’ துணைக்கோள் ஏவப்பட்டது. சுவாஹிலி மொழியில் ‘உகுரு’ என்றால் சுதந்திரம்.

சிக்னஸ் எக்ஸ்-1 வீசும் கதிர்கள் ஒரு வினாடிக்குள்ளேயே ஏறி இறங்குவதை உகுரு காட்டியது. இவ்வளவு வேகமாக மாறும் பொருள், சூரியனைவிட மிகச் சிறியதாகவே இருக்க முடியும்.

அங்குள்ள நீல நிறப் பெருவிண்மீன் 5.6 நாளுக்கு ஒருமுறை எதையோ சுற்றிவருவது பின்னர் தெரிந்தது. அந்தப் பொருளின் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 21 மடங்கு என 2021ல் வெளியான ஆய்வு கூறுகிறது. நியூட்ரான் விண்மீனால் ஏறக்குறைய 3 மடங்குக்கு மேல் தாங்க முடியாது. எனவே அது கருந்துளை என்ற முடிவே எஞ்சுகிறது.

அது கருந்துளை அல்ல என்று இயற்பியலாளர் கிப் தோர்னிடம் 1974ல் பந்தயம் கட்டிய ஸ்டீபன் ஹாக்கிங், 1990ல் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

தமிழர் பெயரில் தொலைநோக்கி

1999ல் நாசா ஏவிய ‘சந்திரா’ தொலைநோக்கி, தமிழ்க் குடும்பத்தில் பிறந்து 1983ல் நோபெல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியுள்ளது. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள வெண்குறு விண்மீன் நிலைத்திருக்க முடியாது என்று கணித்தவர் அவர். 1930ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது அந்தக் கணக்கைத் தொடங்கிய அவருக்கு வயது 19.

எக்ஸ் கதிர்கள் சாதாரணக் கண்ணாடியில் நேராகப் பட்டால் எதிரொளிக்காமல் உள்ளே புகுந்துவிடும். அதனால் சந்திராவின் கண்ணாடிகள் பீப்பாய் வடிவில் அமைக்கப்பட்டன. கதிர்கள் அவற்றை உரசியபடி சென்று ஓரிடத்தில் குவிகின்றன.

இந்தியா 2015ல் ஏவிய ‘ஆஸ்ட்ரோசாட்’, நாசா 2021ல் ஏவிய ‘ஐக்ஸ்பி’ ஆகியவையும் சிக்னஸ் எக்ஸ்-1ஐ ஆராய்ந்துள்ளன. கதிர்களின் அதிர்வுத் திசையை அளந்த ஐக்ஸ்பி, மிகச் சூடான வாயு கருந்துளைக்கு மேலே தூண்போல நிற்காமல், வட்டின் தளத்தை ஒட்டிப் பரவியிருப்பதைக் காட்டியது.

கருந்துளை இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. அதில் விழப்போகும் வாயு கடைசியாக வீசும் கதிர்களே அதன் முகவரியைச் சொல்கின்றன.