கண்ணுக்குள் ஒரு வில்லை



கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பெற்றோரைக் கூட்டிப்போய் மொழிபெயர்க்கும் பிள்ளைகள் எம்மிடையே ஏராளம். நானும் ஒருத்தி. "எந்த வில்லை வைப்பது?" என்று வைத்தியர் கேட்கும்போது தடுமாறாமலிருக்க இந்த வரலாறு உதவும்.

இரண்டாம் உலகப் போரில் விமானக் கூரையின் பிளாஸ்ரிக் துண்டுகள் விமானிகளின் கண்களில் பாய்ந்தன. அவை உள்ளே கிடந்தும் கண் அவற்றைப் பெரிதாக எதிர்க்கவில்லை. இதைக் கவனித்த ஹரோல்ட் ரிட்லி, 1949இல் லண்டன் சென் தோமஸ் மருத்துவமனையில் முதலாவது செயற்கை வில்லையைப் பொருத்தினார்.

கண்ணின் முன்படலம் ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருந்தால், புரை நீங்கினாலும் கண்ணாடியின்றிப் பார்வை தெளியாது. இதுவே அஸ்ரிக்மற்றிசம். 1801இல் தோமஸ் யங் தன் கண்ணிலேயே இதைக் கண்டு விவரித்தார். 1825இல் ஜோர்ஜ் எயரி இதற்கான உருளைவில்லைக் கண்ணாடியை அறிமுகப்படுத்தினார். அந்தத் திருத்தத்தைக் கண்ணுக்குள் வைக்கும் வில்லையிலேயே கொண்டுவந்தவர், 1990களின் தொடக்கத்தில், யப்பானிய வைத்தியர் கிமியா ஷிமிசு. அதுவே ரொறிக் வில்லை. அமெரிக்கா 1998இல் இவ்வகை வில்லைக்கு அனுமதி வழங்கியது.

இவ்வில்லை சரியான கோணத்தில் அமரவேண்டும். ஒரு பாகை விலகினால் திருத்தத்தில் ஏறத்தாழ 3 வீதம் குறையும். 30 பாகை விலகினால் பயனில்லை. ஆகவே அளவெடுப்பதும் முடிவெடுப்பதும் சத்திரசிகிச்சைக்கு முன்னரே.

அஸ்ரிக்மற்றிசம் எவ்வளவு, ரொறிக் பொருந்துமா, மேலதிகக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். "உனக்கு வசதியானதைச் சொல்லு பிள்ளை" என்பார்கள் எங்கள் பெற்றோர். அதோடு விட்டுவிடாதீர்கள். விளங்கப்படுத்தி, அவர்கள் வாயாலேயே பதில் வரவிடுங்கள். பார்க்கப்போவது அவர்களின் கண்.